சுட்ட பிறகுதான் சட்டம் தொடங்குகிறது

1894 மார்ச் மாதம். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில், பெலிக்கன் பள்ளத்தாக்கின் பனி இன்னும் உருகியிருக்கவில்லை. எட்கர் ஹவல் என்ற கள்ள வேட்டைக்காரர் காட்டெருமைகளைச் சுட்டு வீழ்த்தித் தோலை உரித்துக்கொண்டிருந்தார். பூங்காவைக் காவல் காத்த ராணுவத்தின் வழிகாட்டி ஃபெலிக்ஸ் பர்ஜஸ் அவரைக் கையும் களவுமாகப் பிடித்தார். ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் திரிந்த அமெரிக்கக் காட்டெருமையில் அப்போது மிஞ்சியிருந்தவை ஆயிரத்துக்கும் குறைவு. அதன் தலைக்குப் பாடம் செய்பவர்களிடம் நூற்றுக்கணக்கான டாலர் கிடைத்தது. அப்படியும் ஹவலைத் தண்டிக்க வழியில்லை. பூங்கா உருவாகி 22 ஆண்டுகள் ஆகியும், அதற்குள் ஒரு விலங்கைக் கொன்றால் என்ன தண்டனை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பூங்காவுக்கு வெளியே துரத்திவிடுவதைத் தவிர ராணுவத்தால் வேறொன்றும் செய்ய முடியவில்லை.

‘ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம்’ இதழ் அந்தச் செய்தியை வெளியிட்டதும் நாடு கொதித்தது. அதே ஆண்டு மே 7-ல் சட்டம் வந்துவிட்டது. கொன்றவருக்கு 1,000 டாலர் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை என்றது அந்தச் சட்டம். அதோடு நிற்காமல், பூங்காவில் கொல்லப்பட்ட விலங்கை ஏற்றிச் செல்லும் குதிரைவண்டி நிறுவனம், பார்சல் நிறுவனம், ரயில் நிறுவனம் எதுவானாலும் 300 டாலர் வரை அபராதம் கட்ட வேண்டும் என்றது. செத்த விலங்கின் உடலோ உறுப்போ ஒருவர் கையில் இருந்தாலே அவர் குற்றவாளி என்பதற்கு முதல்நிலைச் சான்று என்றும் எழுதிவைத்தது. துப்பாக்கி வெடித்த இடத்தில் சாட்சி கிடைப்பது அரிது. சுமை நகரும் வழியில் பிடிப்பது எளிது. அமெரிக்க வேட்டைச் சட்டங்களின் அடுத்த 130 ஆண்டு வரலாறு இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

ரயிலைத் துரத்திய சட்டம்

யெல்லோஸ்டோன் சட்டத்தைக் கொண்டுவந்தவர் அயோவா மாநில நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் லேசி. ஆறு ஆண்டுகள் கழித்து, அதே உத்தியை நாடு முழுமைக்கும் விரித்தவரும் அவரே. 1900 மே 25-ல் குடியரசுத் தலைவர் வில்லியம் மெக்கின்லி கையெழுத்திட்ட அந்தச் சட்டம் இன்றும் லேசி சட்டம் என்றே அழைக்கப்படுகிறது.

அதன் தேவையைப் புரிந்துகொள்ள 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைப் பார்க்க வேண்டும். ரயில் பாதைகள் காடுவரை நீண்டன; பனிக்கட்டி நிரப்பிய பெட்டிகள் வந்தன. ஒரு மாநிலத்தில் சுட்ட மானும் பறவையும் சில நாட்களில் சிகாகோ, நியூயார்க் சந்தைகளில் தொங்கின. விற்பனைக்காகவே சுடுகிறவர்கள் ஒரு தொழில் வர்க்கமாக வளர்ந்தார்கள். வானத்தை மறைத்துப் பறந்த பயணப் புறாக்கள் அவர்கள் கையில் அழிந்தன. கடைசிப் புறா 1914-ல் சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் செத்தது. வெண்வால் மான் நாடு முழுவதும் 5 லட்சத்துக்கும் கீழே போயிருக்கும் என்பது அக்காலத்தைப் பற்றிய மதிப்பீடு.

மாநிலங்களிடம் வேட்டைச் சட்டம் இல்லாமல் இல்லை. சரக்கு எல்லையைத் தாண்டிய கணமே அந்தச் சட்டம் செல்லாக்காசாகிவிடுவதுதான் சிக்கல். கனெக்டிகட் மாநிலம், தன் எல்லைக்குள் முறைப்படி சுட்ட பறவையைக்கூட வெளிமாநிலத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்றது. அதை எதிர்த்த வழக்கில் 1896-ல் உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் நின்றது. காட்டு விலங்கு மாநில மக்களின் பொதுச்சொத்து, அதைப் பிடிப்பதற்கும் கொண்டுபோவதற்கும் மாநிலம் நிபந்தனை விதிக்கலாம் என்பது தீர்ப்பின் சாரம். உடைமை பற்றிய அந்த வாதத்தை அதே நீதிமன்றம் 1979-ல் கைவிட்டது என்றாலும், லேசிக்கு அன்று அது போதுமானதாக இருந்தது. ஒரு மாநிலச் சட்டத்தை மீறிக் கொன்ற விலங்கை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோவது ஒன்றிய அரசின் சட்டப்படி குற்றம் என்று அவர் சட்டம் அறிவித்தது. மாநிலம் தாண்டும் ஒவ்வொரு பொட்டலத்தின் வெளிப்புறத்திலும் அனுப்புநரின் பெயரும் முகவரியும் உள்ளே இருப்பது என்ன என்பதும் தெளிவாக எழுதப்பட வேண்டும் என்றது.

இன்று அந்தச் சட்டத்துக்குப் பல் கூடியிருக்கிறது. 350 டாலருக்கு மேல் மதிப்புள்ள விலங்கைத் தெரிந்தே சட்டவிரோதமாக விற்றாலோ வாங்கினாலோ ஐந்து ஆண்டு வரை சிறை. பணம் வாங்கிக்கொண்டு ஒருவரைக் கள்ள வேட்டைக்கு அழைத்துப் போவதும் விற்பனைக் கணக்கில்தான் சேரும்.

மானுக்கு ஒரு நடைச்சீட்டு

நம் ஊரில் மணல் லாரியை மறிக்கும் அதிகாரி முதலில் கேட்பது நடைச்சீட்டு. ஆற்றில் எவ்வளவு அள்ளினார்கள் என்பதை அவர் பார்த்திருக்க மாட்டார். சாலையில் சீட்டும் சுமையும் ஒத்துப்போகிறதா என்பதை மட்டும் பார்ப்பார். அமெரிக்க மான் வேட்டையின் ‘டேக்’ அதே வேலையைச் செய்கிறது.

அங்கே உரிமம் வேறு, டேக் வேறு. உரிமம் வேட்டையாடத் தகுதி தருகிறது. டேக், இந்த இனத்தில், இந்தப் பகுதியில், இந்தப் பருவத்தில் ஒரு விலங்கு என்ற கணக்கைத் தருகிறது. மேற்கு மாநிலங்களில் எல்க், மூஸ் ஆகிய பெரிய மான்கள், பெருங்கொம்பு ஆடு போன்றவற்றின் டேக் பல இடங்களில் குலுக்கல் முறையில்தான் கிடைக்கும். சிலர் பல ஆண்டுகள் விண்ணப்பித்துக் காத்திருப்பார்கள். எத்தனை டேக் வெளியிடுவது என்பதை அந்த ஆண்டின் விலங்குத் தொகையை வைத்து மாநில வனவிலங்குத் துறை முடிவுசெய்கிறது. ஒரே டேக்கை இரண்டு முறை பயன்படுத்த முடிந்தால் அந்தக் கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும்.

அதனால்தான் ‘உடனே’ என்ற சொல்லுக்கு இந்த விதிகளில் அவ்வளவு அழுத்தம். டெக்சாஸில் காகித டேக்கில் மாதமும் தேதியும் அச்சிட்டிருக்கும். மானைச் சுட்டவர் அந்த மாதத்தையும் தேதியையும் கத்தியால் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை உடனே உடலில் கட்ட வேண்டும். மையால் எழுதினால் மழையில் கரையும், வேண்டுமென்றும் அழிக்கலாம். வெட்டிய ஓட்டையை ஒட்டவைக்க முடியாது. மற்ற பல மாநிலங்களிலும் கையெழுத்து, தேதி, கிழித்தல், கட்டுதல் என்று ஏதோ ஒரு வகையில் டேக்கைத் திரும்பப் பயன்படாமல் செய்த பிறகே உடலை நகர்த்தலாம். பாதித் தொடையை நண்பருக்குக் கொடுத்தால் டெக்சாஸில் அதற்கும் ஒரு தாள் வேண்டும். சுட்டவர் பெயர், முகவரி, உரிம எண், கையெழுத்து, பெறுபவர் பெயர், எந்த உறுப்பு, எங்கே எப்போது சுட்டது என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும். அலாஸ்காவிலும் இறைச்சி கைமாறினால் கைமாற்றுப் படிவம் உண்டு.

அடுத்தது ஆணா பெண்ணா என்ற சான்று. ஒரு மந்தை பெருகுவதும் சுருங்குவதும் பிணைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. அதனால் கொம்புள்ளவற்றுக்கும் கொம்பில்லாதவற்றுக்கும் தனித்தனி டேக் தருகிறார்கள். காட்டிலேயே அறுத்துத் துண்டாக்கிய தொடையைப் பார்த்து அது கலையா பிணையா என்று சாவடியில் நிற்கும் காவலரால் சொல்ல முடியாது. ஆகவே கொலராடோ போன்ற மாநிலங்கள், கொம்போடு தலை, விதைப்பை, மடி இவற்றில் ஒன்றாவது இயற்கையான பிணைப்போடு இறைச்சியில் ஒட்டியிருக்க வேண்டும் என்கின்றன. தனியாகப் பையில் போட்டுக் கொண்டுவந்தால் செல்லாது. வேறொரு மானுடையதாக இருக்கலாமே!

ஆரிகன் மாநிலத்தின் ஆஷ்லாண்டில் ஒன்றிய அரசின் வனவிலங்குத் தடயவியல் ஆய்வகம் இருக்கிறது. வனவிலங்குக் குற்றங்களுக்கென்றே முழுமையாக இயங்கும் ஆய்வகம் அது; ஒரு துண்டு இறைச்சியிலிருந்து இனத்தையும் பாலினத்தையும் அங்கே கண்டுபிடித்துவிடலாம். அப்படியிருக்க இந்தப் பழைய விதி எதற்கு என்று கேட்கலாம். ஆய்வக முடிவு வர நாளாகும். நடுச்சாலையில் ஒரு வண்டியை விடுவதா நிறுத்துவதா என்று முடிவெடுக்கக் காவலருக்குக் கண்ணில் படும் சான்று வேண்டும். தவிர, 2022-ன் தேசியக் கணக்கெடுப்பின்படி 1.4 கோடிக்கும் மேற்பட்டோர் வேட்டையாடும் நாட்டில் எல்லா இறைச்சியையும் ஆய்வகத்துக்கு அனுப்பவும் முடியாது.

கொம்பு கடைசி

அலாஸ்காவின் விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. அங்கே ஒரு பெரிய ஆண் மூஸ் 700 கிலோவைத் தாண்டும். அதிலிருந்து 225 கிலோ அளவுக்கு இறைச்சி தேறும். சாலையே இல்லாத சதுப்பு நிலத்திலிருந்து அதை முதுகில் சுமந்து ஆற்றுக்கோ சிறு விமானத்துக்கோ கொண்டுவர வேண்டும். கொம்புக்காக மட்டும் வருகிறவருக்கு இறைச்சியை அங்கேயே போட்டுவிடும் ஆசை எழும். அதனால், உண்ணத்தக்க இறைச்சி எல்லாம் வந்த பிறகே, அல்லது கடைசிச் சுமையோடு சேர்த்தே, கொம்பு அந்த இடத்தை விட்டு நகரலாம் என்பது சட்டம். தொடையும் சப்பையும் மட்டும் போதாது. கழுத்து, நெஞ்சு, விலா எலும்புகளின் மேலுள்ள இறைச்சியும் வர வேண்டும். சில பகுதிகளில் எலும்போடுதான் கொண்டுவர வேண்டும், ஏனென்றால் எலும்பில் இருந்தால் இறைச்சி சீக்கிரம் கெடாது. எவ்வளவு விட்டுவிட்டு வந்தார்கள் என்பதும் தெரிந்துவிடும். பெருவிலங்கின் இறைச்சியை வீணாக்கியவருக்குக் குறைந்தபட்சத் தண்டனையே ஏழு நாள் சிறையும் 2,500 டாலர் அபராதமும்.

வேட்டையை எதிர்ப்பவர்கள்கூட இந்த ஒரு விதியைக் கவனிப்பது நல்லது. கொன்றுவிட்ட விலங்கின் மீது கொன்றவருக்கு ஒரு கடமை இருக்கிறது என்று அது சொல்கிறது. அந்தக் கடமையை உபதேசமாகச் சொல்லி நிறுத்தாமல், எதை முதலில் தூக்குவது, எதைக் கடைசியில் தூக்குவது என்ற வரிசையாக மாற்றியிருக்கிறது.

பணம் புரளும் இடங்களில் காகிதச் சீட்டு மட்டும் போதவில்லை. மொன்டானா மாநிலத்தின் ஒரே ஒரு பெருங்கொம்பு ஆட்டு டேக் 2013-ல் 4,80,000 டாலருக்கு ஏலம் போனது. வன ஆடுகளின் பாதுகாப்புக்காக நடத்தப்படும் முறையான ஏலம் அது. சட்டப்படி கிடைப்பதற்கு இந்த விலை என்றால் திருட்டுக்கு எவ்வளவு தூண்டுதல் இருக்கும்! அதனால் மேற்கு மாநிலங்கள் பலவற்றில், சுட்ட ஆட்டின் தலையை அதிகாரியிடம் காட்டி, கொம்பில் துளையிட்டு எண் பொறித்த உலோக ஆணியைப் பதிக்க வேண்டும். அது கொம்பின் ஆயுள் முழுவதும் கூடவே இருக்கும். கொலராடோவில் 1995-ல் எஸ்டஸ் பார்க் ஊர்மக்களின் செல்லமாக இருந்த ‘சாம்சன்’ என்ற ஆண் எல்க்கைக் கள்ள வேட்டைக்காரர் ஒருவர் கொன்றார். அந்தக் கோபத்தில் 1998-ல் பிறந்த சாம்சன் சட்டம், ஒரு பக்கம் ஆறு கிளையாவது உள்ள ஆண் எல்க்கைச் சட்டவிரோதமாகக் கொன்றால் வழக்கமான அபராதத்தோடு கூடுதலாக 10,000 டாலரும், பெரிய பெருங்கொம்பு ஆட்டுக்கு 25,000 டாலரும் வசூலிக்கிறது.

உறுப்புகளின் பயணம் எவ்வளவு விபரீதமாகலாம் என்பதற்கு அண்மையில் ஒரு சாட்சி கிடைத்தது. மொன்டானா பண்ணையாளர் ஒருவர், கிர்கிஸ்தானிலிருந்து மார்க்கோ போலோ ஆட்டின் உடற்பகுதிகளை அறிவிக்காமல் வரவழைத்து, அதன் திசுவிலிருந்து நகலாக்கக் கருக்களை உருவாக்கி, பிறந்த கிடாவைக் கொண்டு ராட்சதக் கலப்பின ஆடுகளை வளர்த்தார். கம்பி வேலிக்குள் காசு கொடுத்துச் சுடுகிற வேட்டைப் பண்ணைகளுக்கு விற்பது நோக்கம். லேசி சட்டத்தின் கீழ் 2024-ல் அவருக்கு ஆறு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. சிகாகோ சந்தையில் தொங்கிய மானுக்காக எழுதப்பட்ட சட்டம், செல்லுக்குள் இருக்கும் மரபணுவையும் துரத்திப் பிடித்தது.

தலையைக் கொண்டுவா, தலையைக் கொண்டுவராதே

இத்தனை காலமும் விதிகளின் திசை ஒன்றுதான்: முடிந்தவரை முழு உடலையும் அடையாளங்களோடு கொண்டுவா. அந்தத் திசையை ஒரு நோய் தலைகீழாகத் திருப்பியிருக்கிறது.

1967-ல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் அடைத்து வளர்த்த மான்கள் காரணம் தெரியாமல் மெலிந்து, வாயில் நீர் வடிந்து செத்தன. எலிசபெத் வில்லியம்ஸ், ஸ்டூவர்ட் யங் இருவரும் பின்னர் அதை மூளையைச் சல்லடையாக்கும் நோய் வகை என்று அடையாளம் கண்டார்கள். பிரிட்டனை உலுக்கிய பைத்தியப் பசு நோயும் அதே குடும்பம்தான். 1981-ல் அது காட்டில் திரியும் எல்க்கிடம் தென்பட்டது. 2002-ல் மிசிசிப்பி ஆற்றைத் தாண்டி விஸ்கான்சினில் வெளிப்பட்டது. ‘மான் மெலிவு நோய்’ எனலாம். இன்று 35-க்கும் மேற்பட்ட அமெரிக்க மாநிலங்களிலும் கனடாவின் பல மாகாணங்களிலும் அது இருக்கிறது. 2016-ல் நார்வேயின் காட்டுக் கலைமான்களிடம் தெரிந்ததும், அந்த நாடு நோர்டுஃபியெல்லா பகுதியின் 2,000-க்கும் மேற்பட்ட கலைமான்களை மொத்தமாகக் கொன்றது.

நோயைப் பரப்புவது பாக்டீரியாவோ வைரஸோ இல்லை. வடிவம் பிறழ்ந்த ‘பிரியான்’ என்ற புரதம். சமைத்தாலும் அழியாது. மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். மூளை, தண்டுவடம், கண், நிணநீர்க் கட்டிகள் ஆகியவற்றில் அது செறிந்திருக்கும். மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை நிரூபணம் இல்லை. ஆனாலும் நோயுள்ள பகுதியில் சுட்ட மானைப் பரிசோதித்த பிறகே உண்ணுங்கள் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்துகிறது. மான் தானாகப் போனால் சில பத்து கிலோமீட்டர் போகும். வண்டியின் பின்புறம் கிடக்கும் உடல் ஒரே இரவில் ஆயிரம் கிலோமீட்டர் போய்விடும். வீட்டில் அறுத்து, தலையையும் முதுகெலும்பையும் தோப்பில் வீசினால், அங்கே நோய்க்குப் புதிய ஊர் கிடைத்துவிடும்.

அதனால் மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முழு உடல் எல்லை தாண்டத் தடை போட்டன. எலும்பு நீக்கிய இறைச்சி, தலையும் முதுகெலும்பும் இல்லாத கால்துண்டுகள், சுத்தம் செய்த தோல், திசு ஒட்டாத மண்டையோட்டுத் தகடும் கொம்பும், முழுதாகப் பாடம் செய்து முடித்த தலை ஆகியவை மட்டும் வரலாம். பழைய விதி, பாலினச் சான்று தலையாக இருந்தால் அதை ஒட்டவைத்துக் கொண்டுவரச் சொல்கிறது. புதிய விதி தலையை வழியிலேயே விட்டுவிடச் சொல்கிறது. இரண்டு மாநிலங்களைக் கடந்து வீடு திரும்பும் வேட்டைக்காரர், புறப்படும் இடத்தின் சட்டத்தை மதித்தால் சேரும் இடத்தின் சட்டத்தை மீற நேரலாம். நடுவில் கடக்கும் மாநிலத்துக்கும் தனி விதி இருக்கக்கூடும்.

டெக்சாஸ் இந்த முடிச்சை ஓரளவு அவிழ்த்திருக்கிறது. 2024-25 பருவத்திலிருந்து, சுட்ட இடத்திலேயே எலும்பை நீக்கலாம். டேக்கும் பாலினச் சான்றும் இறைச்சியோடு இருந்தால் போதும். மிஞ்சும் எலும்புகளைச் சுட்ட இடத்திலேயே விட வேண்டும், அல்லது முறையான குப்பைக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும், அல்லது மூன்றடி ஆழத்தில் புதைக்க வேண்டும். விஸ்கான்சினில், பொதுமக்களும் சங்கங்களும் பொறுப்பேற்று நடத்தும் பெரிய இரும்புத் தொட்டிகள் மான் எலும்புகளுக்கென்றே வேட்டைப் பருவத்தில் வைக்கப்படுகின்றன. விதி போடுகிறவர்கள் அதைப் பின்பற்ற வசதியும் செய்து தர வேண்டும் என்பதற்கு இந்த இரண்டும் நல்ல முன்மாதிரிகள்.

கைப்பேசிக்குள் போன சீட்டு

இதே நேரத்தில் காகித டேக் மறைந்துகொண்டிருக்கிறது. ஆரிகனில் 2019 முதல் கைப்பேசிச் செயலியிலேயே டேக்கைப் பதிவுசெய்யலாம். சிக்னல் இல்லாத காட்டிலும் அது வேலை செய்யும். மொன்டானா, டெக்சாஸ் உள்ளிட்ட மாநிலங்களும் இந்த வழிக்கு வந்துவிட்டன. நேரமும் இடமும் தானாகப் பதிவாவதால் ஏமாற்றுவது கடினம் என்பது இதன் பலம்.

ஆனால் ஆரிகன் ஒரு விஷயத்தில் முன்யோசனையோடு நடந்துகொண்டது. செயலியில் பதிந்த பிறகும், வேட்டைக்காரர் தன் பெயர், அடையாள எண், தேதி, உறுதிப்பாட்டு எண் ஆகியவற்றை ஒட்டுநாடாவிலோ துணிப்பட்டையிலோ அழியாத மையால் எழுதி உடலில் கட்ட வேண்டும். கைப்பேசி சட்டைப்பையில் இருக்கும், இறைச்சி வண்டியில் இருக்கும். இரண்டையும் கட்டிவைப்பது அந்த ஒட்டுநாடா. விஸ்கான்சின் வேறு வழியில் போனது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் துப்பாக்கியோடு காட்டுக்குள் போகும் அந்த மாநிலத்தில், 2017 முதல் மானின் உடலில் டேக் கட்ட வேண்டிய அவசியமே இல்லை. சுட்ட மானைக் கண்டெடுத்த மறுநாள் மாலை 5 மணிக்குள் இணையத்திலோ தொலைபேசியிலோ பதிவுசெய்தால் போதும்.

எளிமைக்கு விஸ்கான்சின், நம்பகத்துக்கு ஆரிகன். சுட்ட நேரத்துக்கும் மறுநாள் மாலைக்கும் இடையில் விஸ்கான்சின் மான் யாருடையது என்று சொல்ல உடலில் ஒன்றும் இல்லை. யாரும் மறிக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டால், பதிவுசெய்வதா, அதே அனுமதி எண்ணில் இன்னொன்று சுடுவதா என்பது அவரவர் மனசாட்சியின் பொறுப்பு. பெரும்பாலோர் நேர்மையானவர்களே. ஆனால் டேக் கண்டுபிடிக்கப்பட்டதே அந்தப் பெரும்பாலோருக்காக அல்ல. கைப்பேசி வரட்டும், இறைச்சியின் மீது கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளம் போகக் கூடாது.

சீட்டில்லாத புள்ளிமான்

டேக் முறைக்கு வெளியே என்ன நடக்கும் என்று பார்க்க டெக்சாஸ் பண்ணைகளுக்குப் போகலாம். கிண்டியில் நாம் பார்க்கும் புள்ளிமானும், கோடியக்கரையில் ஓடும் வெளிமானும், வட இந்திய வயல்களில் திரியும் நீல்காயும் அங்கே பெருங்கூட்டமாக வாழ்கின்றன. புள்ளிமான் 1930-களில் அங்கே போய்ச் சேர்ந்தது. நீல்காயைத் தெற்கு டெக்சாஸின் கிங் ராஞ்ச் பண்ணை கொண்டுவந்தது. மாநிலச் சட்டத்தின் கண்ணில் இவை ‘அயல் விலங்குகள்’. வேட்டை உரிமம் மட்டும் வேண்டும். பருவம் இல்லை, எண்ணிக்கை வரம்பு இல்லை, டேக்கும் இல்லை. இறைச்சியை விற்கவும் செய்யலாம். அரசு ஆய்வாளரை உடன் அழைத்துக்கொண்டு, நடமாடும் அறுவைக்கூடத்தோடு பண்ணைக்கே போய்ச் சுட்டு, உணவகங்களுக்கு அனுப்பும் தொழில் அங்கே நடக்கிறது.

அதே வேலியோரம் மேயும் வெண்வால் மானோ மக்களின் சொத்து. அதன் இறைச்சியில் ஒரு கிலோவைக்கூட விற்க முடியாது. ஒரே துப்பாக்கி, ஒரே பண்ணை. இரண்டு மான்களுக்கு இரண்டு சட்டங்கள். அயல் விலங்கைக் குறைப்பது நல்லதுதானே என்ற வாதத்தில் நியாயம் உண்டு. நீல்காய் மாட்டுக்காய்ச்சல் உண்ணிகளைச் சுமந்து திரிவது கால்நடை வளர்ப்போருக்குப் பெரிய தலைவலி. ஆனால் டேக் இல்லாததால், ஆண்டுக்கு எத்தனை சுடப்படுகின்றன என்று மான் கணக்கைப் போலத் துல்லியமாகச் சொல்ல வழியில்லை. எண்ணிக்கையைக் குறைக்க விரும்பும் அரசுக்கும் அந்தக் கணக்கு தேவைதான்.

இந்தியா இதே விலங்குகளை வேறு விதமாக நடத்துகிறது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தபோது அதில் பெருவிலங்கு, சிறுவிலங்கு என்று வேட்டை உரிமங்கள் இருந்தன. 1991 திருத்தம் அவற்றை நீக்கியது. வெளிமான் இன்று முதல் அட்டவணையில், அதிகபட்சப் பாதுகாப்பில் இருக்கிறது. அதே 1991 திருத்தம்தான் 48-ஏ பிரிவையும் சேர்த்தது: தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி இல்லாமல், சில விதிவிலக்குகள் தவிர, எந்தக் காட்டு விலங்கையும் அதன் பொருளையும் போக்குவரத்துக்காக யாரும் ஏற்கக் கூடாது. வேட்டையை மொத்தமாக மூடிய நாடும், டேக் போட்டுத் திறந்துவைத்த நாடும் சுமை ஏற்றுபவரைப் பொறுப்பாக்குவதில் ஒன்றுபடுகின்றன.

விதிகள் ஐம்பது, சாலை ஒன்று

வெண்வால் மான் இன்று அமெரிக்காவில் சுமார் 3 கோடி. எல்க் ஏறக்குறைய 10 லட்சம். 1900-ன் நிலையோடு ஒப்பிட்டால் இது வியக்கத்தக்க மீட்சி. சந்தை வேட்டைக்குத் தடை, பருவக் கட்டுப்பாடு, 1937 முதல் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போட்ட வரியிலிருந்து மாநிலங்களுக்கு வரும் பணம் எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. இவை எல்லாம் பலிக்கக் கணக்கு சரியாக இருக்க வேண்டும். கணக்கைக் காப்பாற்றியது டேக்கும் சோதனைச் சாவடியும். மொன்டானாவில் வேட்டைக்காரர்கள் வெறுங்கையோடு திரும்பினாலும் வழியிலுள்ள சாவடியில் நின்றே ஆக வேண்டும். பல்லைப் பார்த்து வயதைக் கணிப்பதும், நோய்ப் பரிசோதனைக்கு நிணநீர்க் கட்டியை எடுப்பதும் அங்கேதான்.

குறை இருப்பது ஒருங்கிணைப்பில். ஒரு மாநிலத்தில் உரிமம் பறிக்கப்பட்டவர் இன்னொரு மாநிலத்தில் வேட்டையாடக் கூடாது என்பதற்கு மாநிலங்களிடையே ஓர் உடன்பாடு இருக்கிறது. 1980-களின் இறுதியில் சில மேற்கு மாநிலங்களில் தொடங்கிய அதில் இன்று அநேகமாக நாடு முழுவதும் சேர்ந்துவிட்டது. அதாவது, தவறு செய்தவரைத் துரத்த மாநிலங்கள் கைகோத்துவிட்டன. நேர்மையாக நடக்க விரும்புகிறவருக்கு ஒரே விதியைத் தர இன்னும் கைகோக்கவில்லை. விதிப்புத்தகத்தின் சிக்கலால் கள்ள வேட்டைக்காரர் திணறுவதில்லை, அவர் அதைப் படிப்பதே இல்லை. மூன்று மாநில விதிகளை அச்செடுத்து வண்டியில் வைத்துக்கொண்டு, எதை எங்கே வெட்டுவது என்று திகைப்பவர் நல்ல வேட்டைக்காரரே.

பருவத்தையும் எண்ணிக்கையையும் மாநிலங்கள் தனித்தனியாக முடிவுசெய்வது சரி. மொன்டானாவின் மலையும் டெக்சாஸின் புதர்க்காடும் ஒன்றல்ல. ஆனால் போக்குவரத்துக்குக் குறைந்தபட்சப் பொது விதி சாத்தியமே. சுட்ட இடத்திலேயே எலும்பு நீக்க எல்லா மாநிலங்களும் அனுமதிக்கலாம். பாலினச் சான்று ஒரு துண்டில் ஒட்டியிருந்தால் போதும், தலை தேவையில்லை என்று ஏற்கலாம். செயலியில் பதிந்தாலும் உறுதிப்பாட்டு எண் இறைச்சியின் மீது இருக்க வேண்டும் என்று ஆரிகனைப் பின்பற்றலாம். இந்த மூன்றையும் நிறைவேற்றிய சுமை எந்த மாநிலத்தையும் கடந்து போகலாம் என்று ஒப்புக்கொள்ளலாம். உரிமப் பறிப்பு உடன்பாட்டை நடத்திவரும் அதே துறைகள்தான் இதற்கும் கையெழுத்திட வேண்டும். மான் மெலிவு நோய் ஆய்வுக்கும் மேலாண்மைக்கும் 2022 டிசம்பரில் ஒன்றியச் சட்டம் ஆண்டுக்கு 7 கோடி டாலர் வரை அனுமதித்திருக்கிறது. அதில் ஒரு பங்கை எலும்புத் தொட்டிகளுக்கும் மாநில எல்லைகளில் இலவசப் பரிசோதனைக்கும் ஒதுக்கினால், அடுத்த இலையுதிர் காலத்தில் வேட்டைக்காரர்கள் வண்டியை எடுப்பதற்குள் இந்த வேலையைத் தொடங்கிவிட முடியும்.